மூன்றாம் பாகத்துக்கு ஒரு குரல்

ஆரல்வாய்மொழி,
ஜூன் 14.

அன்புள்ள ஷெர்லிக்கு,

தாணு எழுதுகிறேன். நீயும் குழந்தை அபிதாவும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அண்ணி அஜிதாவும் இருக்கிறோம்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் தபாலில் எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். உன் எட்சனை அடக்கம் செய்த அன்று மணக்குடி கோயில் வாசலில் வைத்து, "தாணு அண்ணா, இனி ஜென்மத்துக்கும் அவிய குரல்ல நீங்க பேசப்படாது. எனக்க காதுல ஒங்க சத்தமே விழப்படாது" என்று சொன்னாய். அன்றிலிருந்து ஏழு மாதமாக உனக்கு நான் போன் செய்யவில்லை. கடிதத்துக்குச் சத்தம் இல்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உன் மாமனார் விஷயம். ஜஸ்டஸ் அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மணக்குடிக்குப் போய்ப் பார்த்து வருகிறேன். இப்போது மீன்காரிகளின் தராசு முள் நன்றாகத் தெரிகிறதாம். அதனால் சண்டையும் கூடியிருக்கிறது. சாப்பாட்டில் குறைவில்லை. எட்சனின் பேச்சை அவராக எடுப்பதில்லை. நாமாக எடுத்தால் எழுந்து போவதும் இல்லை.

எனக்கு இது வேலை நெருக்கடியான காலம். கணவாயில் காற்று ஏறிவிட்டது. காற்றாலைக் காத்தாடி ஒன்று நின்றால்கூட கம்பெனியிலிருந்து பத்து போன் வரும். ஏணி ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடுகிறது. நல்லதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் இயக்குநர் ஆபேல் சார் வீடு தேடி வந்தார். 'காத்தாடி காவல்' மூன்றாம் பாகம் எடிட்டிங் முடிந்துவிட்டதாம். இதுதான் கடைசி, இதோடு பவுலுவையும் மணியனையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். காற்றாலைக்குக் காவல் இருக்கும் இரண்டு வாட்ச்மேன்களின் கதை. அதில் பவுலு கடற்கரைக்காரன். கடலுக்குப் பயப்படாதவன், காற்றுக்குப் பயந்து சாகிறவன். எங்கள் யார்டில் என்னோடு உட்கார்ந்து சாயா குடித்தபடி எட்சன் உருவாக்கிய ஆள் அது. கல்லூரி நாளிலிருந்து நானும் அவனும் கோயில் திருவிழா, அம்மன் கொடை, கல்யாண வீடு என்று எத்தனை மேடையில் மிமிக்ரி செய்திருப்போம். நான் எல்லார் குரலிலும் பேசுவேன். அவனுக்கு ஒரே குரல்தான். கடைசியில் சினிமாவுக்கு அந்த ஒரு குரல்தான் வேண்டியிருந்தது.

மூன்றாம் பாகத்தில் பவுலு வரும் காட்சிகள் முப்பத்தொன்று. எல்லாவற்றிலும் எட்சன் நடித்து முடித்துவிட்டான். டப்பிங் மட்டும் பேசவில்லை. ஷூட்டிங்கில் எடுத்த சத்தம் இருக்கிறது. ஆபேல் சார் லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். பாதிக்கு மேல் காற்று. மீதியில் எட்சனின் குரல் துணி கிழிவதுபோல வருகிறது. அந்த இரண்டு மாதமும் காற்றில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்று அவனும் நம்பினான், நாங்களும் நம்பினோம். அந்தக் குரலைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

முதல் இரண்டு படத்திலிருந்து அவன் குரலை எடுத்துக் கொடுத்தால் கம்ப்யூட்டரே பேசிவிடுமாம். ஒரு காட்சிக்கு அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். கேட்டேன் ஷெர்லி. குரல் அவனுடையதுதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 'என்னலே மக்கா' என்பதை அவன் மேலே ஏற்றி, ஒரு நொடி தொங்கவிட்டு, பிறகு பைய இறக்குவானே, அந்த இறக்கம் இல்லை. யாரோ ஒரு மெட்ராஸ்காரன் எட்சனின் தொண்டையை மாட்டிக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. ஆபேல் சாருக்கும் அது தெரிகிறது. அவரும் மார்த்தாண்டத்துக்காரர்தானே. "நீ பேசுதியா தாணு, இல்ல இதையே வச்சிரட்டா?" என்று கேட்டார்.

ஜஸ்டஸ் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "எனக்க சம்மதம் எதுக்கு? அவன் மொகத்த நான் குடுத்தேன். அவன் குரலக் கேட்டு குடும்பம் நடத்துனவ அவ. அவளுட்ட கேளு" என்றார்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். ஆனால் கேட்பதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் சம்மதம் வாங்கினால் இரண்டாவது தடவையும் உன்னை ஏமாற்றியவன் ஆவேன்.

திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் அவன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள் என்பதை உனக்குச் சொல்ல வேண்டாம் என்று தடுத்தவன் எட்சன். சின்னக் கட்டி, எடுத்தாயிற்று என்று மட்டும் சொல்லச் சொன்னான். நீ புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, விட்டுவிட்டு ஓடிவருவாய், கிறிஸ்மஸ் லீவுக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நோட்டில் எழுதிக் காட்டினான். நீ போன் செய்யும்போதெல்லாம் அவன் எழுதுவான், நான் அவன் குரலில் வாசிப்பேன். அபிதாவுக்குச் சொன்ன பூனைக் கதைகளும் அவன் எழுதியவைதான். வீடியோவில் வாருங்கள் என்று நீ கேட்டால் வார்டில் நெட் இல்லை என்போம். பத்தொன்பது நாள் அப்படி ஓட்டினோம். அவன் போன பிறகு நீ வந்து, அவன் கழுத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாய். சொன்ன சொல் எல்லாம் எட்சனுடையது, என்னுடையது சத்தம் மட்டும்தான் என்று அன்றைக்கு உன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

அது முழு உண்மை இல்லை. பதினாறாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. எடுக்காவிட்டால் பயப்படுவாய் என்று எடுத்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய். "மனசே செரியில்ல. நான் பொறப்பட்டு வரட்டா? ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கே வாறேன்" என்றாய். நோட்டு மூடிக் கிடந்தது. நான் எட்சனை எழுப்பவில்லை. "வேண்டாம் ஏட்டி, நல்லாத்தான் இருக்கேன். நீ வந்து என்ன செய்யப்போற? ஒனக்கு கஞ்சி காய்ச்சத் தெரியுமா?" என்று நானே சொன்னேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே போனை வைத்தாய். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

மற்ற நாளெல்லாம் வேண்டாம் என்றுதான் எழுதினான், அன்றைக்கும் அப்படித்தான் எழுதியிருப்பான் என்று ஏழு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்பத்தான் முடியவில்லை. எழுப்பியிருக்க வேண்டும்.

அவ்வளவுதான். கம்ப்யூட்டரே பேசட்டும் என்று நீ சொன்னால் அதுவே பேசட்டும். பதில் வராவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்கிறேன். அபிதாவுக்கு என் அன்பைச் சொல் என்று எழுத நினைத்தேன். சொல்லாவிட்டாலும் சரிதான்.

உன் நன்மையை நாடும்,
தாணு.


மஸ்கட்,
ஜூலை 9.

தாணு அண்ணனுக்கு,

ஷெர்லி எழுதுவது. உங்கள் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. டியூட்டி அறையில் வைத்துப் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. அதன் பிறகு ஊசி போடக் கை வரவில்லை. கூட வேலை செய்யும் அஞ்சலியிடம் என் பேஷண்டுகளைக் கொடுத்துவிட்டு ரூமுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கஞ்சி காய்ச்சத் தெரியுமா என்று கேட்டதற்குச் சிரித்தேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் கஞ்சியைத் தீயவிட்டதை வைத்துப் பத்து வருஷமாக என்னைக் களியாக்கிச் சிரிப்பார். அதை உங்களிடமும் சொல்லியிருப்பார். இந்த ஏழு மாதமும், அவர் என்னைக் கடைசியாகச் சிரிக்கவைத்தது அதுதான் என்று பத்திரமாக வைத்திருந்தேன். அதையும் எடுத்துக்கொண்டீர்கள்.

முதல் நாலைந்து நாள் உங்களைத் திட்டி நாலைந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, எழுதாமல் இருந்துவிட்டு அந்தப் படத்தில் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைத்தேன். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சந்தோஷமாகப் பார்த்திருப்பேன். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. நான் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ். தொண்டையில் ஆபரேஷன் செய்த ஆள் மறுநாள் சாயங்காலமே கணீரென்று பேசினால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வந்தது. இரண்டாம் நாளே வந்தது. லேசர்தானே, சின்னக் கட்டிதானே என்று அதை நானே அமுக்கினேன். சந்தேகப்பட்டால் லீவு கேட்க வேண்டும். புது இடம், லீவு கேட்டால் வேலை நிற்குமோ நிற்காதோ. குரல் நன்றாக இருக்கிறது, ஆளும் நன்றாக இருப்பார் என்று வைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நீங்கள் ஏமாற்றினீர்கள். ஏமாற நானும் உட்கார்ந்திருந்தேன். மணக்குடியில் அத்தனை பேர் முன்னால் உங்களைச் சத்தம் போட்டபோது, அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

படத்தில் நீங்கள் பேசுங்கள்.

கம்ப்யூட்டர் வேண்டாம். நாளைக்கு அபிதா பெரியவளாகி, இதில் பேசுகிறது அப்பாதானா என்று கேட்டால், இல்லை மோளே, இன்னார் பேசினார் என்று கைகாட்ட எனக்கு ஒரு ஆள் வேண்டும். தப்பாகப் பேசினால் சண்டை போடவும் ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை. டப்பிங்கில், முகம் தெரியாத இடத்திலும் முதுகு திரும்பியிருக்கும்போதும் புதிதாக வசனம் சேர்ப்பார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டு பாகத்திலும் அப்படி நிறையச் சேர்த்தார்கள், கைதட்டலும் வாங்கினார்கள். இதில் வேண்டாம். அவர் உதடு எதைச் சொல்லிற்றோ அதை மட்டும் சொல்லுங்கள். அவர் சொல்லாத ஒரு வார்த்தையும் இனி அவர் வாயிலிருந்து வரக் கூடாது. ஆபேல் சாரிடமும் இதைச் சொல்லுங்கள்.

படம் வந்ததும் பார்ப்பேன். பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று நானே எழுதுவேன். ஊர் என்ன சொன்னாலும் சரி, பவுலு நன்றாக இருக்கிறானா இல்லையா என்று நான்தான் சொல்ல வேண்டும். நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்றுதான் எழுதுவேன்.

மாமாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. சொட்டு மருந்தை நிறுத்த விடாதீர்கள்.

ஷெர்லி எட்சன்.


சென்னை,
ஆகஸ்ட் 23.

அன்புள்ள ஷெர்லிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சென்னைக்கு ரயில் ஏறினேன். இன்றோடு டப்பிங் முடிந்தது. மொத்தம் ஆறு நாள் பிடித்தது. நாளைக்கு ஊருக்குத் திரும்புகிறேன். அதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிடலாம் என்று லாட்ஜில் உட்கார்ந்திருக்கிறேன்.

இருட்டு அறை. எதிரே திரையில் எட்சன். காதில் ஹெட்போனில் ஷூட்டிங்கில் எடுத்த அவன் குரல். அதை ஒருமுறை கேட்க வேண்டும், பிறகு அதை நிறுத்திவிட்டு நான் பேச வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் இப்படி. வசனம் முடிந்ததும் கேமராவை நிறுத்துவதற்கு முன் அவன் இருமுவதும், "தண்ணி தாலே" என்று யாரிடமோ கேட்பதும் அதில் பதிந்திருக்கிறது. ஒரு இடத்தில் என் பேரைச் சொல்லி யாரிடமோ என்னவோ சொல்கிறான். காற்றில் சரியாகக் கேட்கவில்லை. நாலு தடவை கேட்டேன். பிறகு விட்டுவிட்டேன்.

நீ சொன்னபடி ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. பதினோரு இடத்தில் முதுகு காட்டுகிறான். பதினோரு இடத்துக்கும் வசனம் எழுதி வைத்திருந்தார்கள். நல்ல வசனங்கள், பொய் சொல்லக் கூடாது. பத்து இடத்தை ஆபேல் சார் முனகிக்கொண்டே விட்டுக்கொடுத்தார். கடைசிக் காட்சியில்தான் தகராறு.

பவுலுவுக்கு அன்றோடு வேலை முடிகிறது. டார்ச்சையும் கம்பையும் மணியனிடம் கொடுத்துவிட்டு, காத்தாடிகளுக்கு நடுவே நடந்து போகிறான். முதுகு மட்டும்தான் தெரிகிறது. அங்கே ஒரு வசனம் வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். "காமெடிப் படத்த சத்தமில்லாம முடிச்சா சனம் காறித் துப்பும்லே. மூணு படத்துக்கும் சேத்து இதுதான் கடைசிச் சிரிப்பு" என்றார். "அவன் அங்க ஒண்ணும் சொல்லல சார்" என்றேன். "ஒனக்கு வாயில்லன்னா மெஷினுக்கு வாய் இருக்கு" என்று கத்தினார். அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் உன் கடிதத்தை எடுத்து, அந்த ஒரு பகுதியை மட்டும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். உன்னிடம் கேட்காமல் செய்தது தப்புதான். எட்சனின் குரலில் வாசிக்கவில்லை, என் குரலில்தான் வாசித்தேன். அவர் எழுந்து வெளியே போனார். அரைமணி நேரம் வரவில்லை. வந்து, "அப்பிடியே கெடக்கட்டும். காத்து மட்டும் போதும்" என்று சவுண்ட் இன்ஜினியரிடம் சொன்னார். போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் கடைசி வாரம் வெளியிடுகிறார்களாம். மஸ்கட்டிலும் வருமாம். படம் ஓடுமா ஓடாதா என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு உன் ஒரு கடிதம் வந்தால் போதும். எப்படி இருந்தாலும் அப்படியே எழுது.

தாணு.


மஸ்கட்,
நவம்பர் 9.

அன்புள்ள தாணு அண்ணனுக்கு,

படம் பார்த்துவிட்டேன். இரண்டு தடவை. போன வெள்ளிக்கிழமை நானும் அஞ்சலியும் மட்டும் போனோம். அபிதாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று தெரிந்துகொள்வதற்காக. நேற்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

எழுதுகிறேன் என்று சொன்னபடி எழுதுகிறேன். அடுத்தவர் மனசு நோகுமே என்று பார்க்கப்போவதில்லை.

படம் சுமார்தான் அண்ணா. முதல் பாகத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. அதில் கதை ஒரு ராத்திரியில் ஓடிவிடும், நமக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இரண்டாம் பாகம் வெறும் இரைச்சல், அது அவருக்கே பிடிக்கவில்லை. இந்த மூன்றாவதில் முதல் அரைமணி நேரம் வண்டி கிளம்பவே இல்லை. செம்புக் கம்பி திருடனைத் துரத்துவதை முதல் பாகத்திலேயே பார்த்தாயிற்று. அந்தப் பாட்டு எதற்கு என்று ஆபேல் சாரிடம் கேளுங்கள். மணியனாக நடிக்கிறவருக்கு ஏனோ உற்சாகமே இல்லை. பல இடத்தில் அவர் எட்சனைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு பேசுகிறார். அப்போதே அவருக்கு இவர் உடம்பு பற்றி ஏதோ தோன்றியிருக்குமோ என்றுகூட நினைத்தேன்.

ஆனால் பவுலு காத்தாடி ஏணியில் பாதி ஏறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல், "ஏலே காத்தே, ஒனக்கு வீடு வாசல் இல்லியா? பொழுதுக்கும் இங்கயே நிக்க?" என்று திட்டுகிற இடத்தில் தியேட்டரே குலுங்கியது. எனக்குப் பின்னால் நம் ஊர்ப் பையன்கள் ஒரு வரிசை முழுக்க இருந்தார்கள். அவர்கள் சிரித்ததில் அடுத்த இரண்டு வசனம் கேட்கவில்லை. அபிதா காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள். இன்று காலையிலிருந்து ஃபேனைப் பார்த்து அதையே சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இனி குரல். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அஞ்சலி நான் அழுகிறேன் என்று நினைத்துக் கையைப் பிடித்தாள். நான் அழவில்லை, உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் பிடித்தேன். போலீஸ் ஸ்டேஷனில் 'சார்' என்று இழுக்கிறீர்களே, அவர் அந்த 'ர்' என்னும் எழுத்தை முழுங்கிவிடுவார். பிறகு, சாப்பாட்டுப் பொட்டலத்தை நாய் தூக்கிக்கொண்டு போனதும் பவுலு அழுகிற காட்சி. சிரிக்க வேண்டிய இடம். எல்லாரும் சிரித்தார்கள். அங்கே அழுதது நீங்கள். அவருக்கு நடிப்பில் அழத் தெரியாது.

மற்ற இடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு தேடவும் மறந்துபோனேன். ஏணிக் காட்சியில், யார் பேசுகிறது என்ற நினைப்பு வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறேன் என்று. வார்த்தை அவருடையது. உதடு அவருடையது. இந்தத் தடவை அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசிக் காட்சியில் அவர் நடந்து போனபோது எல்லாரும் ஏதோ ஒரு வேடிக்கை வரும் என்று சிரிப்பதற்குத் தயாராகக் காத்திருந்தார்கள். காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. திரையில் பேர்கள் வர ஆரம்பித்தன. பின் வரிசையில் ஒருத்தன், "என்னலே, சப்புன்னு முடிச்சிட்டான்" என்றான். இன்னொருத்தன், "சும்மா கெட, அந்தாளு செத்துப்போனாருலே" என்றான். ஆபேல் சார் பயந்தது சரிதான். காமெடிப் படத்துக்கு இது முடிவு இல்லை. ஊரில் பாதிப் பேர் இதைத்தான் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் மெஷின் எதையாவது பேசியிருந்தால் நான் எழுந்து வெளியே போயிருப்பேன்.

தியேட்டரிலிருந்து வரும்போது அபிதா, "அப்பா ஏன் கடசில ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்டாள். தெரியல மோளே என்றேன். படத்தில் பேசியது நீங்கள் என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். பூனைக் கதை பற்றி இன்னும் சொல்லவில்லை. கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வருகிறோம். அப்போது நீங்களும் நானும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லலாம். அவளுக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவு சொல்லலாம்.

அந்தச் சனிக்கிழமை பற்றி. மன்னித்துவிட்டேன் என்று இந்தக் கடிதத்தில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வராததை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போன வாரம் கல்லறைத் திருநாளுக்கு மாமா மெழுகுதிரி ஏற்றிய போட்டோவை மணக்குடியில் பக்கத்து வீட்டுப் பெண் நேற்று அனுப்பியிருந்தாள். அதில் ஓரத்தில் நீங்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறீர்கள். முன்பெல்லாம் அப்படி ஒரு போட்டோ வந்திருந்தால் அழித்திருப்பேன். இதை அழிக்கவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

கடைசியாக ஒன்று. இதை நர்ஸாக எழுதுகிறேன். படத்தின் பின்பாதியில் பல இடத்தில் உங்கள் குரல் அடியில் கரகரக்கிறது. அவருக்காக நீங்கள் தொண்டையை இறுக்கியதாக இருக்கலாம். ஆறு நாள் கத்தியதாக இருக்கலாம். காற்றாகவும் இருக்கலாம். அப்படித்தான் நாம் எல்லாரும் அவரைப் பற்றியும் சொன்னோம். டப்பிங் முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் குரல் தெளியவில்லை என்றால் நாளைக்கே நாகர்கோவிலில் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். தனியாகப் போக வேண்டாம், அஜிதா மைனியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் என்ன எழுதிக் கொடுக்கிறாரோ அதை அப்படியே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்று எழுதின அந்தச் சீட்டை அனுப்புங்கள். இருந்தால், இருக்கிறது என்று சொல்லுங்கள். என் மனசுக்காக எதையும் மறைக்க வேண்டாம். நான் தாங்குவேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க மாட்டேன்.

எங்கள் கோயிலில் பிப்ரவரியில் பிளாசியார் திருநாளன்று இரண்டு மெழுகுதிரியைக் கழுத்தில் வைத்துத் தொண்டைக்கு மந்திரிப்பார்கள். போன வருஷம் சின்னக் கட்டிக்காக அந்தப் புனிதரிடம் வேண்டிக்கொண்டேன். அது போகட்டும். இந்த வாரம் முழுக்க உங்கள் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவர் இந்தத் தடவை கேட்கட்டும்.

உங்கள் தங்கச்சி,
ஷெர்லி.